அண்மைய மாற்றங்கள்

மூன்றாவது தடவையாகச் சொட்டு மருந்து விட்டுவிட்டு, "மூடியே வச்சிருங்கம்மா, கண்ணுப் பாப்பா நல்லா விரியணும்" என்று நர்ஸ் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தபோது, சண்முகவடிவின் மடியில் கிடந்த போன் அதிர்ந்தது. ஒரு தடவை அதிர்ந்து நின்றிருந்தால் பேசாமல் இருந்திருப்பாள். அடுத்தடுத்து நாலு தடவை அதிர்ந்தது. மருந்து கண்ணில் எரிந்து, மூக்கு வழியாக இறங்கி, தொண்டையில் கசந்தது. கண்ணில் விட்டது தொண்டையில் கசக்கிறதே என்று முதல் சொட்டின்போது வியந்தவள் இப்போது அதைக்கூட நினைக்கவில்லை, நாலு என்பதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பழைய அணைக்கட்டு கேம்ப்பைப் பற்றிய இணையதளத்தில் யாராவது ஒரு எழுத்தை மாற்றினாலும் அவள் போன் ஒரு தடவை அதிரும், அப்படித்தான் வைத்திருக்கிறாள். வாரத்துக்கு இரண்டு, மூன்று அதிர்வு வந்தாலே அதிகம். யாரோ ஒரு பழைய ஆள் சென்னையிலோ ஓசூரிலோ உட்கார்ந்து தன் அப்பா பெயரில் ஒற்று திருத்தியிருப்பார். நிமிடத்துக்கு நாலு என்றால் யாரோ உள்ளே புகுந்துவிட்டான் என்று அர்த்தம். போன மாதம் அப்படித்தான் சூதாட்ட விளம்பரக்காரன் ஒருத்தன் வந்து, அரைமணி நேரத்தில் நாற்பது பக்கங்களை வழித்து எடுத்துவிட்டு, பள்ளிக்கூடம் என்ற பக்கத்தில் சீட்டுக்கட்டு படம் ஒட்டிவிட்டுப் போனான். அன்றைக்குக் கண் தெரிந்தது, ஒவ்வொன்றாக மீட்டாள். இன்றைக்கு அவன்தான் மறுபடி வந்திருக்கிறான் என்றால், இதோ இந்தப் பாளையங்கோட்டைக் கண் ஆஸ்பத்திரியில், நெற்றியில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டிய முப்பது பேர் கோவிலில் தியானம் பண்ணுகிற மாதிரிக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற இந்தக் கூடத்தில், அவளும் மூடிய கண்ணோடு உட்கார்ந்திருக்க, அங்கே ஊரே ஒவ்வொரு வீடாக இடிந்துகொண்டிருக்கும்.

ஊர் என்று சொல்லலாமா என்று அவளுக்கு எப்போதும் சந்தேகம். குறுக்குப்பாறை அணை கட்டுவதற்காகப் பன்னிரண்டு வருடம் காட்டுக்குள் இருந்த குடியிருப்பு அது. ஏ டைப்பில் இன்ஜினியர்கள், பி டைப்பில் ஓவர்சியர்களும் கிளார்க்குகளும், சி டைப்பில் டிரைவர், பிட்டர், கேன்டீன்காரர்கள், அதற்கும் கீழே ஆற்றோரம் தகரக் கொட்டகைகளில் கூலி ஆட்கள். அணை முடிந்ததும் கூரையைப் பிரித்தார்கள், ஜன்னலைக் கழற்றினார்கள், தண்ணீர்க் குழாயைத் தோண்டி எடுத்தார்கள், காட்டிலாகா அந்த இடத்தில் தேக்கு நட்டது. யாரும் அங்கே பிறந்து வளர்ந்து செத்து மூணு தலைமுறை ஆகவில்லை. யாருக்கும் அங்கே கோவில் கொடை இல்லை. ஆனாலும் அவளுக்குச் சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் நாக்கில் முதலில் வருவது பி டைப் பதினாலுதான். சிமெண்ட் சாக்கில் தைத்த திரைச்சீலை. எவ்வளவு துடைத்தாலும் விரலில் ஒட்டுகிற சாம்பல் நிறத் தூசு. சனிக்கிழமை மைதானத்தில் கட்டுகிற படத்திரை. கூட்டம் அதிகமானால் பிள்ளைகள் திரைக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அந்தப் பக்கம் எழுத்தெல்லாம் வலமிருந்து இடமாக ஓடும், கதாநாயகன் இடது கையால் சண்டை போடுவான். ரொம்ப நாளைக்கு அவள் எல்லாக் கதாநாயகர்களும் இடதுகைக்காரர்கள் என்றே நம்பியிருந்தாள். அதைத் தளத்தில் எழுதியபோது எத்தனை பேர் நானும் நானும் என்று கீழே வந்து எழுதினார்கள். தளத்தை ஆரம்பித்தவன் சி டைப் முப்பத்தொன்று, கேன்டீன் மேனேஜர் மகன் அருமைநாயகம். மஸ்கட்டில் கம்ப்யூட்டர் வேலை. ஒருநாள் போன் பண்ணி, "வடிவு, நீ தாலுகா ஆபீஸ்ல டைப் அடிச்சவதானே, தமிழ் வேகமா வரும்லா, நீயும் ஒரு சாவி வச்சுக்கோ" என்று அவளை நிர்வாகி ஆக்கினான். யார் வேண்டுமானாலும் எழுதலாம், பெயர் பதிய வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம் என்று அவன்தான் பிடிவாதம் பிடித்தான். எழுபது வயசு ஆளைப் போய்ப் பதிவு பண்ணு, கடவுச்சொல் போடு என்றால் ஓடிப்போய்விடுவார் என்பான். பள்ளிக்கூட வாசலில் நின்றது நாவல் மரமா வாதாம் மரமா என்று பத்தொன்பது நாள் சண்டை நடந்தது. சி டைப் ஏழில் ஆட்டைச் சிறுத்தை தூக்கியதற்கு ஏழு பேர் ஏழு விதமாகச் சாட்சி சொன்னார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பிறகு எல்லாரும் வாட்ஸப் குழுவுக்குப் போய்க் காலை வணக்கம் போட ஆரம்பித்தார்கள். அருமைநாயகம் இரண்டு வருடத்துக்கு முன் மஸ்கட்டிலேயே மாரடைப்பில் போனான். சாவி இவளிடம் மட்டும் மிஞ்சியது.

அதற்குப் பிறகு அவள் வேலை எழுதுவதில்லை, காவல்தான். காலையில் காப்பி ஆறுவதற்குள் அண்மைய மாற்றங்கள் என்ற பக்கத்தைத் திறப்பாள். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று தளம் தானே எழுதி வைக்கிற பட்டியல் அது. பச்சையில் கூட்டல் என்றால் சேர்த்திருக்கிறார்கள், சிவப்பில் கழித்தல் என்றால் அழித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் நீலத்தில் 'மீளமை' என்று ஒரு சொல் இருக்கும், அதைத் தொட்டால் பழையபடி ஆகிவிடும். ஒரு தடவை எவனோ பக்கம் பக்கமாகக் கெட்ட வார்த்தை எழுதிக்கொண்டே போனான், இவள் பின்னாலேயே துடைத்துக்கொண்டே போனாள். இன்னொரு தடவை ஒருத்தர் வந்து வீடு வீடாகப் பெயர்களுக்குப் பின்னால் சாதிப் பட்டம் சேர்த்துவிட்டார். அந்தத் தீபாவளி காலையில் எண்ணெய்த் தலையோடு உட்கார்ந்து நூற்று நாற்பது பட்டங்களை உரித்தெடுத்தாள். எண்ணெய் கண்ணில் வழிந்தது நினைவிருக்கிறது. கண். இடது கண்ணில் ஏழெட்டு மாதமாகவே பொடி எழுத்து தெரியவில்லை. சர்க்கரை ஆறு வருடமாக இருக்கிறது, திரையைப் பார்த்துப் பார்த்துத்தான் என்று மகள் திட்டுகிறாள், டாக்டர் விழித்திரையைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்கிறார். எழுத்து தெரியாவிட்டால் என்ன, நிறம் தெரிகிறதே. சிவப்பா, ஓரத்தைத் தொடு. இந்தப் பதினோரு நாளாக அப்படித்தான் ஒருத்தனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். பெயர் இல்லாத ஆள், பெயருக்குப் பதில் தளம் காட்டுகிற வெறும் இணைய எண். குவாரி விபத்து என்ற பக்கத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் அழிக்கிறான். இவள் மீளமைக்கிறாள். அவன் அழிக்கிறான். மூன்று தடவை எண்ணைத் தடை செய்தாள், மூன்று தடவையும் வேறு எண்ணில் வந்து அதே வரியை அழித்தான். என்ன ஜென்மமோ.

போன் மறுபடி அதிர்ந்தது. பொறுக்க முடியாமல் கண்ணைத் திறந்தாள். கூடம் முழுவதும் வெளிச்சம் பால் மாதிரிப் பொங்கி வழிந்தது. எதிர் ஜன்னல் ஒரு வெள்ளைக் குழி. போனைத் தூக்கி முகத்தருகே வைத்தால் ஒளிவட்டம் மட்டும்தான், அதற்குள் எறும்பு ஊர்கிற மாதிரி ஏதோ. கையை நீட்டிப் பார்த்தாள், இன்னும் நீட்டினாள். "என்னக்கா, எதுவும் அவசர போனா?" என்று பக்கத்து நாற்காலிப் பெண் கேட்டாள். உள்ளே வந்ததிலிருந்து அவள் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். பேச்சியம்மாள், ஆலங்குளம் பக்கம், பீடி சுற்றுகிறவள், வீட்டுக்காரருக்குக் கண்புரை ஆபரேசன், அவரை உள்ளே கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஆகிறது. "உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?" என்று சண்முகவடிவு கேட்டுவிட்டு, கேட்ட விதம் தப்போ என்று கூசினாள். "எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கேன், பைய பைய வாசிப்பேன். தாங்க" என்று அவள் வாங்கிக்கொண்டாள். அவள் விரலில் புகையிலை வாசம். சண்முகவடிவு கண்ணை மூடிக்கொண்டு, எங்கே தொட வேண்டும், பட்டியல் எப்படி வரும் என்று சொன்னாள். பேச்சியம்மாள் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து வாசித்தாள். "கு-வா-ரி விபத்து. கழித்தல், முந்நூத்திப் பன்னெண்டு. அடுத்தாப்ல, ஆண்டு வரிசை. அதுலயும் கழித்தல். சங்கு மேடை, கழித்தல். ஓவர்சியர் நல்லபெருமாள், கழித்தல். பெறவும் குவாரி விபத்து." சண்முகவடிவுக்கு மூச்சு வந்தது. சூதாட்டக்காரன் இல்லை, ஊர் இடியவில்லை, அந்த எண்தான், இன்றைக்கு ஒரு பக்கத்தோடு நிற்காமல் அந்த வரி எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் தேடித் தேடிப் போயிருக்கிறான். அப்பாவின் பக்கத்துக்கே போயிருக்கிறான். வந்த மூச்சோடு கோபமும் வந்தது. "ஓரத்துல நீலமா மீளமைன்னு இருக்கும். வரிசையா எல்லாத்தையும் அமுக்குங்க" என்றாள். "அமுக்குதேன். ஆனா கீழ பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கே, அத வாசிக்க வேண்டாமாக்கா?" "என்ன போட்டிருக்கு?" பேச்சியம்மாள் போனைக் கிட்டே கொண்டுபோனாள் போலிருக்கிறது, குரல் தடைபட்டு வந்தது. "எங்க அப்பா ஊ-தி-னார். லூர்து."

லூர்து. அந்தப் பெயர் உள்ளே விழுந்து கொஞ்ச நேரம் எங்கும் படாமல் போய்க்கொண்டே இருந்தது. "முந்தின நாளுதும் பாருங்க, கீழ தள்ளிக்கிட்டே போங்க" என்று தன் குரலே சொல்வது கேட்டது. பேச்சியம்மாள் வாசித்தாள். முதல் நாள், தயவுசெய்து இதை எடுத்துவிடவும், எங்கள் அப்பா சங்கு ஊதினார். இரண்டாம் நாள், மறுபடி யார் இதைப் போடுகிறீர்கள், தயவுசெய்து எடுக்கவும். நாலாம் நாள், அம்மா பக்கத்தில் நின்றாள், அப்பா ஊதினார். ஆறாம் நாள், ஊதினார். ஏழாம் நாள், ஊதினார். பிறகு எல்லாமே அந்த ஒற்றைச் சொல்தான். பதினோரு நாளாக ஒரு மனுஷி வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள், இவள் சிவப்பைப் பார்த்து ஓரத்தைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். மூன்று தடவை கதவைச் சாத்தித் தாழும் போட்டிருக்கிறாள். லூர்து நாலாம் வகுப்பில் இரண்டாம் பெஞ்சில் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவள். புளியங்கொழுந்தைப் பாவாடை மடிப்பில் வைத்திருந்து வகுப்பு நடக்கும்போதே ஒவ்வொரு இலையாகத் தருவாள். லாரியில் சுருட்டி வைத்த மெத்தைமேல் கோழியை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் கடைசியாகப் பார்த்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அம்மா வெளியே போக விடவில்லை. "யாருக்கா இந்த லூர்து?" "என்கூடப் படிச்ச பிள்ளை. அவ அப்பா பேரு சூசை. அணைக்கட்டுல சங்கு ஊதுற வேலை, மில்லுச் சங்கு மாதிரி. குவாரியில வெடி போடுறதுக்கு முன்னால சங்கு ஊதணும், அதைக் கேட்டு எல்லாரும் ஒதுங்கணும். பெறவு ஓவர்சியர் குழியில ஆள் இல்லைன்னு பார்த்துப் பச்சைக் கொடி காட்டணும். அதுக்கப்புறம்தான் வெடி. ஒருநாள் சங்கு ஊதாம வெடி போட்டுட்டாங்க. ஏழு பேர் செத்துப் போனாங்க. சூசையை வேலையை விட்டு எடுத்துட்டாங்க." "அட பாவமே" என்றாள் பேச்சியம்மாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவரு ஊதலைன்னு யாரு சொன்னா?" என்றாள். "எங்க அப்பா. அப்பாதான் ஓவர்சியர்." "ஓ" என்றாள் பேச்சியம்மாள். அப்புறம், குற்றமாக இல்லாமல், மழை பெய்ததா என்று கேட்கிற மாதிரி, "அப்ப நீங்க எங்க இருந்திய? உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள்.

நான் வீட்டில் இருந்தேன், என்று சொல்ல வாயைத் திறந்தபோது நர்ஸ் வந்து நாலாவது சொட்டை விட்டாள். எரிச்சல், கசப்பு, இருட்டு. வீட்டில் இருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை? பொன்னுக்கு வீங்கி. இரண்டு பக்கமும் தாடை வீங்கி, கழுத்தில் வேப்பிலையை அரைத்துப் பூசி, அது காய்ந்து இழுத்தது. லாரியை ஜன்னலில் நின்று பார்த்ததும் அதே வீக்கத்தோடுதான். விபத்து செவ்வாய்க்கிழமை, லாரி வியாழக்கிழமை. அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை வீட்டில் இருந்தாள். அப்பா அன்றைக்கு வந்து சாப்பிடாமல் சட்டையோடு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. அதற்கு முன்? அதற்கு முன் ஒன்றுமில்லை. பொன்னுக்கு வீங்கியைப் பற்றி அவளே தளத்தில் எழுதியிருக்கிறாள், பி டைப் பதினாலு பக்கத்தில். எல்லாருக்கும் பிடித்த பத்தி அது. வெடி போடும்போது கல் தெறித்துக் கூரை ஓட்டில் விழும், அதனால் சங்கு ஊதியதும் கட்டிலுக்கு அடியில் போய்விட வேண்டும் என்பது சட்டம், ஒருதடவை பொன்னுக்கு வீங்கி கண்டிருந்தபோது அடியில் போய்ப் படுத்து, காய்ச்சலில் கொதித்த தாடையைச் சிமெண்ட் தரையில் வைத்தேன், அந்தக் குளிர்ச்சி இன்னும் கன்னத்தில் இருக்கிறது என்று எழுதினாள். இருக்கிறது. இந்த நிமிடம்கூட இருக்கிறது. பொன்னுக்கு வீங்கி ஒருத்தருக்கு ஒரு தடவைதான் வரும். அவளுக்கு அந்த ஒரு வாரம்தான் வந்தது. திங்கள்கிழமை வெடி இல்லை, கம்ப்ரஸர் ரிப்பேர் என்று ஆண்டு வரிசையில் அவளே தட்டச்சு செய்திருக்கிறாள். விபத்துக்குப் பிறகு ஒரு மாதம் வெடியே கிடையாது. அப்படியென்றால் கட்டிலுக்கு அடியில் எந்த நாள் படுத்தாள்? மனசு அந்த இடத்தில் முள்ளில் மாட்டிய சேலை மாதிரி நின்றது. பின்னால் போய் மறுபடி வந்தாள். வெடிச் சத்தம் கேட்டுப் பயந்து அதற்கப்புறம் அடியில் போயிருக்கலாம் இல்லையா? இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அம்மா ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டுக்கல் சத்தம் நின்றது. அது ஏன் நின்றது? அம்மா மாவுக் கையோடு சுளகை எடுத்து மாவுச் சட்டிமேல் கவிழ்த்து மூடினாள், கூரைத் தூசு விழுமே என்று. மூடிவிட்டு, "ஏட்டி, சங்கு ஊதியாச்சு, இன்னும் என்ன படுக்கை, உள்ள போ" என்றாள். அதற்குப் பிறகு தரையின் குளிர்ச்சி. அதற்கும் பிறகுதான் வெடி. சுளகின்மேல் பொலபொலவென்று தூசு விழுந்த சத்தம்கூடக் கேட்டது.

ஊதியது. நீளமாக, மலையில் மோதித் திரும்பி வந்து, தன்னையே துரத்துகிற மாதிரி ஊதியது. ஐம்பது வருடமாக அந்தச் சத்தம் அவளுக்குள்தான் இருந்திருக்கிறது. ஒரு அறையில் தரையின் குளிர்ச்சியை வைத்துப் பூட்டி, பக்கத்து அறையில் ஏழு பேர் சாவை வைத்துப் பூட்டி, இரண்டுக்கும் நடுவில் சுவர் எழுப்பி, அந்தப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் தானே தட்டச்சு செய்து, தானே காவலும் இருந்திருக்கிறாள். அம்மாவுக்குத் தெரியும். மாவை மூடியவளுக்குத் தெரியாதா? பின்னாளில் வீட்டுக்கு யாராவது பழைய கேம்ப் ஆள் வந்தால் அப்பா அந்தக் கதையைச் சொல்வார், "அந்தப் பய சங்கு ஊதியிருந்தா ஏழு உசுரு தப்பிச்சிருக்கும்" என்று முடிப்பார், சரியாக அந்த இடத்தில் அம்மா எழுந்து டம்ளரைக் கழுவப் போய்விடுவாள். டம்ளர் கழுவுகிற சத்தம் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். ஒரு தடவைகூட அம்மா, ஆமாம் என்று சொன்னதில்லை. அப்பா நிஜமாகவே மறந்துவிட்டாரோ, சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மையாகிவிட்டதோ. தளத்துக்காக அவள் கேட்டபோது சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தி நிதானமாகச் சொன்னார், அவள் தாலுகா ஆபீஸ் நடையிலேயே அடித்தாள்: அன்று சங்கு ஊதப்படவில்லை, சங்கு இயக்கும் சூசை என்பவர் கவனக்குறைவாக இருந்ததே விபத்துக்குக் காரணம். அடித்து முடித்ததும், "வாசிச்சுக் காட்டு" என்றார். வாசித்தாள். "சரி" என்றார். பிறகு, "இதை யாரும் மாத்த முடியாதில்லா?" என்று கேட்டார். யார் வேண்டுமானாலும் மாற்றலாம்ப்பா, அதுதான் இந்தத் தளம், என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "நீ பாத்துக்கோ" என்றார். அதற்கப்புறம் இரண்டு வருடம் இருந்தார். பார்த்துக்கொண்டாள். கெட்ட மனுஷர் இல்லை அப்பா. மதகு திறந்த அன்றைக்குக் கூட்டத்தில் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, சாரல் மேலே தெறிக்கத் தெறிக்க, "பாத்தியா, பாத்தியா" என்று அவள் காலைப் பிடித்து ஆட்டினவர். செத்த ஏழு பேர் பெயரையும் சாகும்வரை ஒப்பித்தவர். குழிக்குள் இறங்கிப் பார்க்காமல் கொடியைக் காட்டிவிட்டு, அன்றைக்கு என்ன அவசரமோ, யார் நெருக்கினார்களோ, கிணற்றடியில் சட்டையோடு உட்கார்ந்திருந்தபோது அந்த ஒரு பொய்யைத் தேர்ந்தெடுத்தாரோ.

"அக்கா, தூங்கிட்டியளா? அமுக்கட்டுமா வேண்டாமா?" என்று பேச்சியம்மாள் கேட்டாள். அமுக்கச் சொல்லலாம். ஐந்து தொடுதல், பழையபடி ஆகிவிடும். பேச்சியம்மாள் சாயங்காலம் ஆலங்குளத்துக்குப் போய்விடுவாள், இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. லூர்து இன்னும் எத்தனை நாள் அழிப்பாள்? அவளுக்கும் அறுபது வயசு, அலுத்துப்போகும். இல்லை, பேசாமல் விட்டுவிடலாம், அழித்தது அழித்ததாக இருக்கட்டும், சங்கைப் பற்றி ஒன்றுமே இல்லாத ஒரு பக்கம், யாருக்கும் நோகாது. வாட்ஸப் குழுவில் ஒருத்தர் கவனித்துக் கேட்டால்கூடத் தெரியவில்லை என்று சொல்லலாம். ஆனால் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லாவிட்டால் ஐம்பது வருடமாக எல்லார் வாயிலும் இருக்கிற வார்த்தைதான் நிற்கும். சூதாட்டக்காரன் சீட்டுக்கட்டை ஒட்டினான், எவனோ கெட்ட வார்த்தை எழுதினான், ஒருத்தர் சாதி எழுதினார், எல்லாவற்றையும் துடைத்தாளே, அத்தனையிலும் பெரிய நாசத்தை, தானே தட்டச்சு செய்ததை, பதினொரு வருடம் கண்ணாடி போட்டுப் பொத்திப் பாதுகாத்திருக்கிறாள். "பேச்சியம்மா" என்றாள். வயது குறைந்தவளாக இருந்தாலும் ஏனோ அப்படிக் கூப்பிடத்தான் வந்தது. "மீளமை வேண்டாம். அந்தக் குவாரி விபத்தைத் திறங்க. மேல தொகுன்னு ஒண்ணு இருக்கும், அதை அமுக்குங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுவீங்களா?" "ஒத்த வெரல்லதான் வரும். பரவால்லையா?" "பரவால்ல."

அவள் சொன்னாள், பேச்சியம்மாள் ஒற்றை விரலால் தட்டினாள், நடு நடுவே எந்த ழ, எந்த ர என்று கேட்டாள். தாலுகா ஆபீஸ் நடையில் ஆரம்பித்து, அது சரிப்படாமல், அழிக்கச் சொல்லி மறுபடி சொன்னாள். அன்று சங்கு ஊதியது. சூசை ஊதினார். பி டைப் பதினாலில் எங்கள் அம்மாவும் நானும் கேட்டோம். குழியைப் பார்த்துவிட்டுக் கொடி காட்ட வேண்டியவர் ஓவர்சியர் நல்லபெருமாள். நான் அவர் மகள் சண்முகவடிவு. ஓவர்சியர் பெயருக்கு வந்தபோது பேச்சியம்மாளின் விரல் நின்றது. "அக்கா, இது உங்க அய்யா பேருல்லா" என்றாள் மெதுவாக. "ஆமா." "எழுதட்டுமா?" கண்ணுக்குள் மருந்தா வேறெதுவா, வழிந்து மூக்கோரம் வந்தது, முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். "எழுதுங்க." விரல் தட்டுகிற சத்தம் கேட்டது. "சேமின்னு இருக்கு." "அதை அமுக்குங்க." அமுக்கினாள் போலிருக்கிறது. ஒன்றுமே நடக்கவில்லை. மின்விசிறி சுற்றியது, யாரோ இருமினார்கள். அப்பா போய் ஒன்பது வருடமாகிறது, இப்போதுதான் அவரை ஆற்றங்கரையில் விட்டுவிட்டு நனைந்த காலோடு திரும்பி நடக்கிற மாதிரி இருந்தது. இனி குழுவில் என்னவெல்லாம் சொல்வார்களோ. பெற்ற தகப்பனையே, என்பார்கள். சொல்லட்டும். அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். போனை வாங்க மறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

டாக்டர் அவள் தாடையை ஒரு குழிவான தாங்கியில் வைக்கச் சொல்லி, விளக்கைக் கொண்டு கண்ணுக்குள் இறங்கினார். மேலே பாருங்க, காது பக்கம் பாருங்க, மூக்கைப் பாருங்க. வெளிச்சம் பொறுக்க முடியாமல் இருந்தது. ஆரஞ்சு நிறத்தில், கிளை கிளையாக, மழைக்காலத்து ஆற்றை மேலிருந்து பார்க்கிற மாதிரி ஏதோ தெரிந்தது. அது தன் கண்ணுக்குள் ஓடுகிற ரத்தக்குழாய்களின் நிழல்தான் என்று அவர் சொன்னார். இடது கண்ணில் இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்திருக்கிறது, லேசர் வைக்க வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்றார். பொடி எழுத்துதானே தெரியவில்லை என்று இருந்துவிட்டேன், என்றாள். டாக்டர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்நேரம் என்ன நடந்துகொண்டிருக்கும்? பதினோரு நாளும் அவள் எழுதி வைத்ததைப் பத்து நிமிடம்கூட லூர்து விட்டு வைத்ததில்லை. பழகிய கை, யார் எழுதினார்கள் என்று பார்க்காமலே இந்தத் தடவையும் அழித்திருப்பாள். தானும் அப்படித்தானே பார்க்காமல் அழித்தாள். இல்லை, வாசித்திருந்தால்? வாசித்துவிட்டு இவ்வளவு நாள் கழித்து என்னத்துக்கு என்று அதையும் அழித்திருந்தால் அதுவும் நியாயம்தான்.

வெளியே வந்தபோது கூடம் இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. பேச்சியம்மாளின் சேலை நிறத்தை வைத்து நாற்காலியைக் கண்டுபிடித்தாள். அவள் வீட்டுக்காரர் பச்சைத் துணி கட்டிய கண்ணோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். "நல்லபடியா முடிஞ்சிருச்சுக்கா இவுகளுக்கு" என்றாள் பேச்சியம்மாள். நல்லது, நல்லது என்று சொல்லிவிட்டு நின்றாள், கேட்கப் பயமாக இருந்தது. அவளே சொன்னாள். "நீங்க போனப்பெறவு ஒரே ஒரு தடவைதான் ஆடுச்சு." "அழிச்சிட்டாங்களா?" "சிவப்பு இல்லக்கா, பச்ச. கூட்டல் இருபத்தேழு. கீழ பொடி எழுத்துல ஒண்ணும் இல்ல, நல்லாப் பாத்துட்டேன்." "எதைச் சேர்த்திருக்கு?" "நீங்க சொன்னது அப்படியே இருக்கு. ரெண்டாவது வரியில சூசை ஊதினார்னு எழுதினோம்லா. இப்ப அது" என்று போனை முகத்தருகே கொண்டுபோய், எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள், "சூசை-மாணிக்-கம் ஊதினார்." சண்முகவடிவு உட்கார்ந்துகொண்டாள். கேம்ப் முழுவதற்கும் அவர் சங்கு சூசைதான். மேஸ்திரியிலிருந்து இன்ஜினியர் வரைக்கும், நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வரைக்கும், சங்கு சூசை. முழுப் பெயர் ஒன்று இருக்கும் என்று ஐம்பது வருடத்தில் யாருக்கும் தோன்றியதில்லை. "ஓரத்துல அந்த நீலம் இருக்குக்கா. மீளமை. அமுக்கணுமா?" என்று பேச்சியம்மாள் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வேண்டாம்" என்றாள் சண்முகவடிவு. "அவர் பேரு அதுதான்."